அந்த ஒரு வரி

சித்தப்பாவின் தகரப்பெட்டியை நேற்று மறுபடியும் பரணிலிருந்து இறக்கினோம். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு அறிக்கை, நாலைந்து பழுப்புக் கவர்கள். ஊன ஓய்வூதியம் கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை.

வேலூர் வெயிலில் வளர்ந்து, பனிமலையில் மூன்று குளிர்காலம் காவல் நின்ற மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு வேறு எங்கிருந்து வந்ததாம்?

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்த வரியோடு மல்லுக்கட்டியவர்கள் நிறையப் பேர். தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கு வலிப்பு நோய். 20 சதவீத ஊனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், ஓய்வூதியம் இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. படையில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவில்லை என்றால், ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுக்கு, சிப்பாய்க்கு அல்ல. போர்டும் வெறும் முடிவை எழுதினால் போதாது, காரணம் சொல்லவேண்டும்.

சித்தப்பாவின் அறிக்கையில் காரணம் எழுதும் இடத்தில் அரை வரிகூட இல்லை. மேல்முறையீட்டில் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். அதுவும் தள்ளுபடியானால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலேயே ஒரு அமர்வு.

"பிச்சை கேக்கற மாதிரி இருக்குடா" என்றார். நான் பதில் சொல்லாமல் பேனாவை நீட்டினேன். பெயருக்கு முன்னால் பழைய ராணுவ நம்பரை, யோசிக்காமலே, எழுதினார்.