வாடிகளைப் படம் எடுக்கிறோம்

கல்முனைக்குடிக் கடற்கரையில் இருக்கிற மீன் வாடிகளை நாங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்தான் படம் எடுக்கிறோம். ரெண்டு காரணம். அன்றைக்குக் கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. வாடியில் ஆள் இருக்கும், கதைக்கலாம். மற்றது வெளிச்சம். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் கடலைப் பார்த்துக் கமராவைப் பிடித்தால் வாடி கறுத்துத்தான் விழும். அசருக்குப் பிறகு சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். கிடுகுப் பின்னல், தகரத்தில் துரு, கயிற்று முடிச்சு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

படம் எடுக்கிற முறையை ஒரு கனடாக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ரிச்சர்ட் ஜோன்சன் என்ற புகைப்படக்காரர். கனடாவில் மாரி காலத்தில் ஏரிகளும் குடாக்களும் உறைந்துபோகும். அந்தப் பனிக்கட்டியின் மேல் சின்னக் குடில் போட்டு, உள்ளே துளையிட்டு மீன் பிடிப்பார்கள். அந்தக் குடில்களை அவர் 10 மாகாணங்களிலும் தேடித் தேடி எடுத்தார். எல்லாம் ஒரே மாதிரி: நேருக்கு நேர் நின்று, குடில் நடுவில், அடிவானம் ஒரே உயரத்தில். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குடிலும் ஒரு முகம் மாதிரி இருக்கும்.

நாங்களும் அப்படித்தான் நிற்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். பனி உருக முன்னம் அங்கே குடிலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருசம் அதே ஏரி திரும்ப உறையும். ஒன்டாரியோவில் பல இடங்களில் குடிலுக்கு இலக்கம் எடுத்து வெளியே எழுதவும் வேண்டும். நம்முடைய வாடிக்கு என்ன இலக்கம் இருக்கு? நாலு கம்பும் கிடுகும்தான். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் ஏறி மண்ணை அள்ளினால் வாடியைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். மண் திரும்பி வருமா என்று சொல்ல ஏலாது. ஒலுவில் துறைமுகம் கட்டிய பிறகு அதற்கு வடக்குப் பக்கத்துக் கரை அரிபட்டது எல்லாருக்கும் தெரியும்.

“என்னத்துக்கு மனே இந்த ஓட்டை வாடியப் படம் எடுக்கிறீங்க?” என்று வலை பொத்திக்கொண்டிருந்த காக்கா ஒருவர் கேட்டார். சுனாமிக்கு முந்தின வாடியின் படம் இருக்கா என்று திருப்பிக் கேட்டோம். சிரித்தார். “வீடே போச்சு. படம் எங்க?”

எங்கள் வீடுகளிலும் அதே கதைதான். 2004 டிசம்பர் 26-இல் அல்பங்களும் அலையோடு போய்விட்டன. 2005-இல் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். அந்த நேரம் தன் வளவு எங்கே இருந்தது, கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று வாயால் சொல்லலாம். காட்டுவதற்குப் படம் இல்லாதவர்கள் எத்தனை பேர்!

அதனால் எங்களுக்கு அழகான படம் இரண்டாவதுதான். வாடி வாசலிலிருந்து அலை நுனி வரைக்கும் எட்டு வைத்து எண்ணுகிறோம். படத்தைப் பிரதி எடுத்து, பின்னால் திகதியையும் எட்டுக் கணக்கையும் எழுதி, ஒன்றை வாடிக்காரருக்குக் கொடுக்கிறோம். அடுத்த வாடைக்குப் பிறகு அதே வாசலில் நின்று திரும்ப எண்ணுவோம்.

உங்கள் ஊர்க் கரையிலும் இதைச் செய்யலாம். போன் கமராவே காணும்.