பதினெட்டு என்றார்கள்

2022-இல் ஒரு நாள் எங்கள் குடும்ப வாட்சப் குரூப்பில் மாமா மகன் ஒரு செய்தித் துணுக்கைப் போட்டான். அடுத்த பருவத்திலிருந்து மலேசிய சூப்பர் லீக்கில் 12 அணிகளுக்குப் பதில் 18 அணிகள். துணுக்குக்குக் கீழே ஒரே ஒரு வரி. ‘மச்சான், என்ன சொல்ற?’

அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோல்கீப்பர். பிள்ளைப் பருவத்திலிருந்து கையுறையோடு திரிந்தவன். இளையோர் அணிகளில் ஆடி, ஒரு வருட ஒப்பந்தம் முடிந்து, வீட்டில் சும்மா இருந்தான். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று பத்து காஜா பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. இன்னொன்று ஒரு காற்பந்து அணியின் ஒப்பந்தம். தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார்கள்.

நான் எப்போதாவது காற்பந்தைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் குடும்பத்தில் எனக்கு நிபுணர் பட்டம் உண்டு. பட்டத்துக்கு ஏற்றபடி நானும் கணக்குப் போட்டேன். ஓர் அணிக்கு மூன்று கீப்பர். 12 அணி என்றால் 36. 18 அணி என்றால் 54. ஆக நாட்டில் திடீரென்று 18 கீப்பர் வேலை கூடப்போகிறது. ‘இந்த மாதிரி நேரம் திரும்ப வராது, சைன் பண்ணு’ என்று பதில் போட்டேன். கட்டை விரல் படம் ஒன்றும் போட்டேன் என்று நினைக்கிறேன். மாமா மட்டும் தனியாக எனக்கு போன் செய்தார். “நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்.”

அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நேர்மையாக இருக்காது.

நான் பேராக் ஆதரவாளன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த அப்பா, தோட்டத்து அணிக்கு லெஃப்ட் பேக். லயத்துக்கும் ஆலைக்கும் நடுவில் சரிவாக இருந்த திடலில் ஆடியதால் தன் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, தோட்டத்து அணி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது பேராக்தான். கப்சாய் மோட்டாரில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஈப்போ ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவார். புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம், மஞ்சள் கறுப்புத் துண்டு ஒன்று. 1998-இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது எனக்கு எட்டு வயது. 2000-இல் மறுபடியும் வென்றது. 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக் பட்டம். உலகம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அந்த பேராக் 2021 பருவ முடிவில் இரண்டாம் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு இறங்கியது. 2022 முழுக்க அங்கேயே கிடந்தது. அப்பா ஆட்டம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில்தான் 18 அணிகள் என்ற அறிவிப்பு. பேராக் எதையும் வெல்ல வேண்டியதில்லை, மேலே இடம் காலியாகிறது, வந்து உட்கார்ந்தால் போதும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பாவிடம் போனில், “நாம மேல வந்துட்டோம்பா” என்றுதான் சொன்னேன். “யார ஜெயிச்சோம்?” என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

2022-இல் சூப்பர் லீக்கில் 12 அணிகள், பிரீமியர் லீக்கில் 10. அந்தப் பத்தில் ஜொகூர், சிலாங்கூர், திரெங்கானு ஆகிய மூன்றின் இரண்டாம் அணிகளும், இளம் வீரர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு திட்ட அணியும் அடக்கம். அவற்றைக் கழித்தால் மிச்சம் ஆறு கிளப்புகள். 12-உம் 6-உம் 18. அவ்வளவுதான் விஷயம். விரிவாக்கம் என்று சொன்னதில் புது அணி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு அறையில் இருந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாவது அறையைப் பூட்டினார்கள். பிரீமியர் லீக் 2022-உடன் முடிந்தது. நான் ‘கூடுகிறது’ என்று எண்ணிய 18 கீப்பர் வேலையும் ஏற்கெனவே இருந்தவை. அவற்றில் யாரோ இருந்துகொண்டும் இருந்தார்கள்.

அந்தப் பதினெட்டாவது நின்றதா? அதுவும் இல்லை. மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. யூ.ஐ.டி.எம். வரவில்லை. பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே விலகிக்கொண்டது. 2023 தொடங்கியபோது இருந்தவை 14. மேலே பார்த்தால் 12, 14 ஆகியிருக்கிறது, வளர்ச்சி. மொத்தமாகப் பார்த்தால் 18 கிளப், 14 ஆகியிருக்கிறது. 54 கீப்பர் 42 ஆகிவிட்டார்கள். இரண்டாம் அணிகளுக்கு வேறொரு போட்டி வைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஆடுவது அந்தந்தக் கிளப்பின் பையன்கள். வெளியில் நிற்கிறவனுக்கு அது கதவு அல்ல.

பெட்டாலிங் ஜெயா சிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நம் வாசகர்களில் பலருக்கு அது மிஃபா என்றால்தான் தெரியும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி. கீழ் லீக்கில் தொடங்கி, பிரீமியர் லீக்குக்கு வந்து, 2018 பருவ முடிவில் சூப்பர் லீக்கில் இடம் பிடித்தது. மேலே வந்ததும் பெயர் மாறியது, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி. பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஓர் ஊரின் பெயரில் எல்லாரும் வந்து உட்காரலாம். நான் அப்போது கிளானா ஜெயாவில் வாடகைக்கு இருந்தேன். வேலை முடிந்து நடந்தே ஸ்டேடியத்துக்குப் போய்விடுவேன். கூட்டம் பெரிதாக இருக்காது. பின்வரிசையில் ஓர் அண்ணன் தொண்ணூறு நிமிடமும் தமிழில் லைன்ஸ்மேனுக்குப் பாடம் எடுப்பார். அந்த ஆளுக்கு அது புரியவே புரியாது என்பதில் அண்ணனுக்கு ஒரு தனி நிம்மதி. 2021-இல் அந்த அணி வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து, பி. மணியம் பயிற்சியில் சூப்பர் லீக்கில் ஆடியது. ஒழுங்காக ஆடித் தகுதி பெற்று மேலே வந்த அணி அது. எதையும் வெல்லாமல் என் பேராக் உள்ளே வந்த அதே பருவத்தில் அது வெளியே போனது. அந்தப் பின்வரிசை அண்ணன் இப்போது யாரைத் திட்டுகிறார் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

மாமா மகன் சேர்ந்த அணியின் பெயர் வேண்டாம். முதல் மூன்று மாதம் சம்பளம் ஏறியது. நான்காவது மாதம் பாதி. ஐந்தாவது மாதம் “அடுத்த வாரம்”. நான்கு வீரர்கள் சேர்ந்து ஒரு டெரஸ் வீட்டில் இருந்தார்கள். வீட்டு வாடகையை கிளப் கட்டுவதாகப் பேச்சு. ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து கேட்டைத் தட்டியபோதுதான் அதுவும் கட்டப்படவில்லை என்று தெரிந்ததாம். இ.பி.எஃப். பணத்தைப் பார்க்கலாம் என்று போனில் திறந்தால் அங்கும் பல மாதங்கள் காலி. விட்டுவிட்டு வரவும் முடியாது. நடுவில் போனால் ஒப்பந்தத்தை முறித்தவன் இவன்தான் என்றாகும். அதனால் காலையில் பயிற்சிக்குப் போனார்கள், மாலையில் இரண்டு பேர் உணவு டெலிவரி ஓட்டினார்கள். மேட்ச் நாளில் ஜெர்சியை இஸ்திரி போட்டு நின்றார்கள். அம்மாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, நெத்திலிச் சம்பல் ஒரு டப்பா, பத்து கிலோ அரிசி என்று பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

எனக்கு ஆறாவது மாதம்தான் தெரியும். ஏன்டா சொல்லல என்று கத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “நீதானே சைன் பண்ணச் சொன்ன. தெரிஞ்சா உனக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல.”

அதற்குப் பிறகு நான் உத்தியோகபூர்வமான விஷயங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். பரீட்சை முடிந்த பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்த கதைதான். 2021-ஐ ஒட்டி மாநிலக் காற்பந்துச் சங்கங்களிடமிருந்து அணிகளைப் பிரித்து கம்பெனிகளாக்கியிருந்தார்கள். அதுவரை சம்பளப் பட்டியலுக்குப் பின்னால் மாநில அரசு நின்றது. இப்போது ஒரு முதலாளி நிற்க வேண்டும். முதலாளிக்குப் பணம் எங்கிருந்து வரும்? டிக்கெட்டில் வராது. விளம்பரதாரர் மேல்மட்டத்து ஓரிரண்டு அணிகளுக்குத்தான் வரிசையில் நிற்கிறார். 12 அணி என்றால் ஆளுக்கு 22 ஆட்டம், 14 என்றால் 26. 18 ஆகியிருந்தால் 34. ஒவ்வொரு கூடுதல் ஆட்டமும் ஒரு ஹோட்டல் இரவு, அல்லது கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் இருபத்தைந்து பேருக்கு விமான டிக்கெட். அணிகளைக் கூட்டுவதற்கு ஒரு கூட்டமும் ஓர் அறிக்கையும் போதும். கூட்டிய பிறகு ஒவ்வொரு மாதமும் ஒருவன் சம்பளம் போட வேண்டும்.

அந்த 2023 பருவத்தில் ஜொகூர் டாருல் தாக்சிம் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்றது. கீழே இறங்கும் பயம் யாருக்கும் இல்லை, இறங்குவதற்கு இடமே இல்லையே. பயம் இல்லாத ஆட்டத்தைப் பார்ப்பது எவ்வளவு சலிப்பு என்று அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். 2021-இல் பேராக் இறங்கிய நேரம் நானும் அப்பாவும் போனிலேயே அழுதோம். 2023-இல் தோற்றால், சரி, அடுத்த வாரம் என்று கடையை மூடிக்கொண்டு போனோம்.

சிங்கப்பூர் நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் இதில் எங்களுக்கு மூத்தவர்கள். 1994-இல் மலேசிய லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றுவிட்டு விலகிப்போய், 1996-இல் 8 அணிகளோடு எஸ்.லீக்கைத் தொடங்கினார்கள். பிறகு கூட்டினார்கள். உள்ளூரில் ஆள் போதாதபோது சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் அணிகளை அழைத்தார்கள். 2010-இல் பிரெஞ்சுக்காரர்களின் எத்துவால் அணி வந்த முதல் வருடமே பட்டத்தை வென்றது. இப்போது அப்படி ஓர் அணி இல்லை. புருணையின் டி.பி.எம்.எம். கதை இன்னும் வேடிக்கை. முதலில் எங்கள் லீக்கில் ஆடியது, பிறகு அவர்கள் லீக்குக்குப் போய் 2015-லும் 2019-லும் பட்டம் வென்றது, இப்போது மறுபடி எங்களிடம். இரண்டு வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டு குறையும்போதெல்லாம் கூப்பிடப்படுகிற சொந்தக்காரர் அது.

அவர்களை ஏன் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது? 2024-இல் கிளந்தான் எஃப்.சி.க்கு உரிமம் இல்லை, 13 ஆனது. ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி ஆட்டமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். 2025-26 பருவத்துக்குமுன் கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஸ்ரீ பகாங் விலகியது. பேராக்கும் விலகியது. அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் டி.பி.எம்.எம்., கீழ்மட்ட லீக்கிலிருந்து மலாக்கா, குடிநுழைவுத் துறையின் அணி. ஏற்கெனவே போலீஸ் அணி ஒன்று உள்ளே இருக்கிறது. “இனிமே பாஸ்போர்ட் இல்லாம மேட்ச் பார்க்கப் போகாத” என்று அப்பா என்னை எச்சரித்தார்.

ஜோக்குக்குப் பிறகு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. 1921-இல் தொடங்கிய மலேசியக் கிண்ணத்தின் ஆரம்ப காலத்திலிருந்து இருக்கும் மாநிலம் பேராக். தோட்டத்து அணி போனபோது அவருக்கு பேராக் இருந்தது. இப்போது எழுபது வயதில் எந்த அணிக்கு அவரை மாற்றிவிடுவது? நான் சிலாங்கூர் என்று சொல்லிப் பார்த்தேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மாமா மகனுக்குச் சேர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி பிறகு வந்தது. மீதியை அவன் கேட்பதை விட்டுவிட்டான். பத்து காஜா தொழிற்சாலையில் அந்த டெக்னீஷியன் வேலை இல்லை. அதே தொழிற்சாலையின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புந்தோங் பக்கம் ஒரு திடலில் பத்துப் பதினைந்து பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான், காசு வாங்குவதில்லை. அப்பாவை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்திருக்கிறோம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, லெஃப்ட் பேக் எங்கே நிற்க வேண்டும் என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்.

போன மாதம் போயிருந்தபோது ஒரு பையன், பதினேழு வயது இருக்கும், கையில் பெரிய கையுறை, தண்ணி குடிக்க வந்தவன் என்னிடம் கேட்டான். “அண்ணே, நீங்க பேப்பர்லலாம் எழுதுறீங்களாமே. அடுத்த சீசன் லீக்ல டீம் கூடுமாண்ணே?”

நான் வாய் திறப்பதற்குள் வலைக்குப் பக்கத்திலிருந்து மாமா மகன் சத்தமாகச் சிரித்தான். “கேளு கேளு. அண்ணன் நல்லா கணக்குப் போடுவாரு.”

“இப்போ பதிமூணு இருக்கு தம்பி” என்றேன். பையன் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான். “என்ன படிக்கிற?” என்று கேட்டேன்.