மூத்த வீரரும் காலங்கடந்த அழைப்பும்

விளையாட்டுக் கழகமொன்று வீரரொருவருக்கு ஊதியம் வழங்க முன்வரும்போது அவரிடமிருந்து எதனைப் பெற விழைகின்றது? அவர் நேற்று ஈட்டிய புகழையா, இன்று அவருடலில் எஞ்சியிருக்கும் வலுவையா, அன்றி அவரருகே இருந்து இளையோர் கற்கக்கூடிய நுட்பத்தையா? இளம் வீரரிடத்தே எதிர்காலம் ஒன்றே நோக்கப்படுவதால் இவ்வினா அங்கு பெரிதாக எழுவதில்லை. முதுமையின் வாயிலில் நிற்கும் வீரரிடத்தே இம்மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. 2017ஆம் ஆண்டில், கனடாவின் கல்கரி நகரப் பனிக்கட்டி ஹொக்கிக் கழகமான ‘பிளேம்ஸ்’ எதிர்நோக்கிய தீர்மானம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நாம் அறிந்த புற்றரை ஹொக்கியினின்றும் இவ்வாட்டம் பெரிதும் வேறுபட்டது. சறுக்குக் காலணி அணிந்த வீரர்கள் பனித்தளத்தின் மீது கடுகிச் சென்று இறப்பர் வில்லையொன்றை மட்டையால் அடித்து ஆடுவர். விரைவு காரணமாக எவரும் தொடர்ந்து நெடுநேரம் களத்தில் நிற்பதில்லை. ஒரு நிமிடம் கழிவதற்கு முன்பே மாற்று வீரர் உட்புகுவர். வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கில் அக்காலத்தில் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். 2005ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கழகமும் வீரர்களுக்கு வழங்கும் மொத்த ஊதியத்துக்கு உச்ச எல்லையொன்று விதிக்கப்பட்டுள்ளது. 2017–18 பருவத்தில் அவ்வெல்லை 75 மில்லியன் டொலராகும். எனவே ஒருவருக்கு வழங்கப்படும் பணம் இன்னொருவருக்கு வழங்க இயலாத பணமாகின்றது. ஒப்பந்தம் முடிந்து எக்கழகத்துக்கும் கட்டுப்படாது நிற்கும் சுயாதீன வீரரை ஏற்பதா, விடுவதா என்ற வினா இதனாலேயே கூர்மை பெறுகின்றது.

அவ்வாண்டுக் கோடையில் அவ்வாறு நின்றவர் யரோமிர் யாகர். 1972ஆம் ஆண்டு செக்கோசிலவாக்கியாவின் கிளாட்னோ நகரிற் பிறந்தவர். சோவியத் தலைமையிலான படைகள் தம் நாட்டினுட் புகுந்த 1968ஆம் ஆண்டின் நினைவாக 68 என்னும் இலக்கத்தைத் தம் மேற்சட்டையில் தாங்கியவர். 1990ஆம் ஆண்டு பிட்ஸ்பேர்க் கழகம் அவரைத் தெரிவு செய்தது. அதற்கு முந்திய ஆண்டு வரை அந்நாட்டு வீரர் பலர் வட அமெரிக்காவில் ஆடுவதற்குத் தாயகத்தை விட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது. 1989 ஜனவரியில், இதே கல்கரி நகருக்கு இளைஞர் போட்டியொன்றுக்காக வந்த பீற்றர் நெட்வெட் நாடு திரும்பாது தங்கிவிட்டமை இங்கு நினைக்கத்தக்கது. 1989இன் இறுதியில் நிகழ்ந்த அரசியல் மாற்றத்தின் பின் யாகர் நேர்வழியிலேயே வரமுடிந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். ஐந்து முறை லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். 2017இல் அவருக்கு வயது 45.

அவரை ஏற்கலாகாது என்பாரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆண்டுதோறும் ஆட்டத்தின் விரைவு கூடிக்கொண்டே வந்தது. யாகருடைய கால்களோ தளர்ந்துகொண்டிருந்தன. 2015–16இல் புளோரிடாவுக்காக 66 புள்ளிகள் ஈட்டியவர் மறு பருவத்தில் 46 புள்ளிகளே ஈட்டினார். மேலும், மூத்தவர் ஒருவர் அமரும் இடம் இளைஞர் ஒருவர் வளர வேண்டிய இடமாகும் என்பதும் அவர்கள் கூற்று.

மறுபக்கத்து வாதமும் வலுவுடையதே. 46 புள்ளிகளும் இகழத்தக்க தொகையல்ல. அவற்றைப் பெற அவர் 82 ஆட்டங்களிலும் களமிறங்கினார். அரங்கின் ஓரப்பலகையருகே எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று வில்லையைத் தம்வசம் காத்துக்கொள்ளும் ஆற்றல் விரைவைச் சார்ந்ததன்று. கல்கரி வழங்க முன்வந்த அடிப்படை ஊதியம் ஒரு மில்லியன் டொலர் மட்டுமே. இவற்றுக்கும் மேலாக, புள்ளிக் கணக்கில் அடங்காத பயனொன்று உண்டு. 1990 டிசம்பரில், மொழியறியாது ஊர்நினைவால் வாடிய பதினெட்டு வயது யாகருக்குத் துணையாகுமென எண்ணி, பிட்ஸ்பேர்க் கழகம் 32 வயதினரான யிரி ஹிர்டினா என்னும் செக் வீரரைப் பெற்றுக்கொண்டது. ஹிர்டினா அடித்த கோல்கள் சில. ஆனால் அவ்விளைஞன் அங்கு வேரூன்றியதில் அவருக்கும் பங்குண்டு. ஹிர்டினாவைப் பிட்ஸ்பேர்க்குக்கு விட்டுக்கொடுத்த கழகம் கல்கரியே.

மூத்த யாகரே இத்தகைய பயனைத் தந்த வரலாறும் உண்டு. மூன்று ஆண்டுகள் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரில் ஆடிய பின் 2011 ஜூலை முதலாந் திகதி, சுயாதீன வீரர்களுக்கான சந்தை திறந்த அன்றே, பிலடெல்பியா கழகம் 39 வயதான அவரை ஓராண்டுக்கு ஏற்றது. அவர் 73 ஆட்டங்களில் 54 புள்ளிகள் பெற்றார். அவருடன் ஒரே வரிசையில் ஆடிய குளோட் ஜிரூ 93 புள்ளிகளும், ஸ்கொட் ஹாட்னெல் 37 கோல்களும் எட்டினர். அதுகாறும் அவ்விருவரும் அத்துணை உயர்ந்ததில்லை. 2013 ஜூலையில் நியூ ஜேர்சி கழகம் அவரை ஏற்றபோது 67 புள்ளிகளுடன் அவ்வணியின் முதல்வராகவே விளங்கினார்.

கல்கரியில் நிகழ்ந்தது வேறு. ஜூலை கழிந்தது, ஓகஸ்ட் கழிந்தது, செப்டெம்பரில் கழகங்களின் பயிற்சி முகாம்கள் தொடங்கி முடிந்தன. பருவம் தொடங்கிய ஒக்டோபர் முதல் வாரத்திலேயே ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதல் ஆட்டங்களில் அவர் களமிறங்கவில்லை. இறங்கிய சின்னாளிற் காயமுற்றார். 22 ஆட்டங்கள், ஒரு கோல், ஆறு துணைப்புள்ளிகள். 2018 ஜனவரி இறுதியில் அவர் தாம் உரிமையாளராயிருந்த கிளாட்னோ கழகத்துக்கு அனுப்பப்பட்டார். கல்கரி அப்பருவத்தில் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவுமில்லை.

இம்முடிவை மட்டும் நோக்கி, ஏற்றதே தவறு என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் பிலடெல்பியாவையும் கல்கரியையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, வயது ஒன்றே வேறுபாடன்று என்பது புலனாகும். ஆறு ஆண்டுகள் உடலைத் தேய்த்தன என்பது உண்மை. அதே உண்மை காரணமாகவே அவ்வுடலுக்கு முன்னிலும் நீண்ட ஆயத்தம் தேவையாயிற்று. இருபது வயதினர் ஒருவர் முகாமைத் தவறவிட்டாலும் சில வாரங்களில் ஈடுசெய்வர். நாற்பத்தைந்து வயதினர்க்கு அது அரிது. லீக்கின் கழகங்கள் காத்திருந்தன; காத்திருக்கக் காத்திருக்க, முந்திய ஆண்டில் நான்கு மில்லியன் டொலராயிருந்த அவரது விலை இறங்கியது. ஆயின் அவ்விலையைக் குறைத்த அதே காத்திருப்பு, அவ்வீரரிடம் எஞ்சியிருந்த பயனையும் குறைத்துவிட்டது. மலிவாகக் கிடைத்தார் என்ற காரணத்தால் அவருக்கெனத் திட்டமான இடமொன்றும் வகுக்கப்படாதவிடத்து, அம்மலிவு இலாபமாகாது.

ஆகவே, மூத்த ஐரோப்பிய வீரரைக் கழகம் ஏற்கலாமா என்ற வினாவுக்கு ஏற்கலாம் என்றே விடை கூற வேண்டும், ஆனால் நிபந்தனையுடன். அவர் எவ்வரிசையில், யாருக்கருகே, நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் ஆடுவார் என்பதை ஜூலையிலேயே சொல்லக்கூடிய கழகம் ஏற்கட்டும். அதனைச் சொல்ல இயலாத கழகம் அவரையும் தன்னையும் வருத்தாது விலகி நிற்பதே நேர்மை. ஒக்டோபரில் வெற்றிடம் நிரப்புவதற்கு ஒரு பெரும் பெயரை அழைப்பது துணிவுமன்று, மரியாதையுமன்று.

தேசிய ஹொக்கி லீக்கில் 1,733 ஆட்டங்கள், 766 கோல்கள், 1,921 புள்ளிகளுடன் யாகரின் கணக்கு நின்றது. புள்ளிகளில் அவருக்கு மேலே நிற்பவர் வெய்ன் கிரெற்ஸ்கி ஒருவரே. கிளாட்னோ திரும்பியவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2019இல் அக்கழகம் செக் நாட்டின் உயர்தரப் பிரிவுக்கு ஏறியபோது 47 வயதான அவரும் அணியில் ஆடினார். வட அமெரிக்க ஆட்டத்தின் விரைவு அங்கில்லை என்பது மெய்யே. எனினும், அவர் எதற்குப் பயன்படுவார் என்பதை அறிந்தோர் அங்கிருந்தனர்.