உடற்பயிற்சிக் கூடமும் மாஸ்டரும்

உடற்பயிற்சிக் கூடம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அங்குள்ள கருவிகளையோ குளிர்சாதன வசதியையோ அல்ல, வீட்டிலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையே. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் பெரியவர்களுக்கு வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. வாரந்தவறாமல் செய்தாலன்றிப் பயன் தராத இதற்கு, நடந்தே போய்வரக்கூடிய எளிய கூடமே பெரும்பாலோருக்குப் போதும். வடசென்னைச் சந்துகளில் ஆஞ்சநேயர் படத்தை வணங்கிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கும் சிறிய ஜிம்களை, தரை பளபளக்கவில்லை என்பதற்காக ஒதுக்குவது சரியன்று.

கூடத்தைவிடப் பயிற்றுநரைத் தேர்வதே கடினம், ஏனெனில் இந்தியாவில் இத்தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயமில்லை. 1920இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் முறையாகப் பயின்றவரும், தம் உடலை வளர்த்ததையே தகுதியாகக் கொண்டவரும் ‘மாஸ்டர்’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றனர். சான்றிதழ் உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். ஆனால் அதைவிடத் தெளிவாக உண்மையைக் காட்டுவது, அவர் பிறருக்குக் கற்பிக்கும் விதம். கம்பியைத் தோளில் ஏற்றி உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டில், புதிதாக வந்தவரின் முழங்கால்கள் உட்புறமாகச் சாய்வதையும் குதிகால் தரையைவிட்டு எழும்புவதையும் கண்டதும் நிறுத்தி, தட்டுகளைக் கழற்றி, வெறுங்கம்பியோடு மீண்டும் செய்யச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்ப்பவரே நல்ல மாஸ்டர். எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே கைப்பேசியில் கண்ணை வைத்திருப்பவர் அவ்வாறு ஆகமாட்டார். படிப்படியான சுமையேற்றம், அதாவது உடல் பழகப் பழக எடையையோ எண்ணிக்கையையோ சிறிது சிறிதாகக் கூட்டுதல், இத்தகைய கண்காணிப்பு இருந்தால்தான் காயமின்றி நடக்கும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய முதுகு வலி ஆகியவற்றை முதல் நாளே விசாரிக்காத பயிற்றுநரிடம் நடுவயதினர் சேராதிருப்பது நலம். பெண்கள் தங்களுக்கெனத் தனி நேரமோ பெண் பயிற்றுநரோ உண்டா என்பதையும் கேட்டறியலாம். ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி என்ற அறிவிப்பைக் கண்டு அவசரப்படாமல், கூட்டம் மிகுந்த மாலை வேளையில் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, ஒரு மாதத்திற்கு மட்டும் பணம் கட்டுவதே முறை. விரைவில் தசை திரள அனபாலிக் ஸ்டீராய்டு ஊசியைப் பரிந்துரைப்பவரோ, இதயத்தையும் கல்லீரலையும் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கக்கூடிய மருந்தை இளைஞர் கையில் தருகிறார். கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று அன்றே அவரைவிட்டு விலகிவிட வேண்டும்.