குறுக்கே பேசலாமா?

தாத்தா கதை சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஊம் கொட்ட வேண்டும். கொஞ்சநேரம் சத்தம் வராவிட்டால், "என்னடா, தூங்கிட்டியா?" என்று கதை நின்றுவிடும். அதே தாத்தாதான், "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றும் அதட்டுவார்.

தென்மாவட்டத்து வில்லுப்பாட்டில் இந்த ஊம் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை நகர்த்துவார். கூடப் பாடுகிறவர்கள் "ஆமா" போடுவார்கள், சந்தேகம் கேட்பார்கள், கிண்டலும் அடிப்பார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிரசங்கம்தான்.

அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டானன் 1978-இல் ஒரு விருந்தில் ஆறு பேர் பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். நியூயார்க்கில் வளர்ந்த மூவர் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் விழுந்து பேசினார்கள். அவர்களுக்கு அது உற்சாகம். மற்ற மூவரும் பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்கு வாய் திறக்க வழி கிடைப்பதே அரிதாயிற்று.

பேசாமல் காத்திருப்பவரும் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வின்படி, கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக 0.2 நொடிதான் ஆகிறது. ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். எதிரில் இருப்பவர் முடிக்குமுன்பே நமக்குள் பதில் கிளம்பிவிடுகிறது. சிலருக்கு நாக்கு அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடங்கவேண்டிய நாக்கு யாருடையது என்பதில்தான் வம்பு. மேலதிகாரி நடுவில் புகுந்தால் அது ஆலோசனை. கீழே இருப்பவர் புகுந்தால் அதிகப்பிரசங்கித்தனம். வீட்டில் மருமகள் பேச்சுக்கும் மாப்பிள்ளை பேச்சுக்கும் இதே கணக்குதான்.

என் அளவுகோல் வேறு. குறுக்கே பேசியபின் பேச்சு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பேன். "ஆமா" போட்டவர் கதையைப் புலவரிடமே கொடுத்துவிடுகிறார். "எனக்கும் இப்படித்தான் ஒருதடவை..." என்று ஆரம்பிப்பவர் அதைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். ஆர்வத்தில் வாய் முந்துவது யாருக்கும் நடக்கும். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்று திரும்பக் கேட்கத் தெரிந்தவர் தாராளமாகக் குறுக்கே பேசலாம்.