மணல்வெளியில் எழுந்த சோழமண்டலம்

சாந்தோம் பேராலயத்தில் ஞாயிறு திருப்பலி கண்டபின், அடையாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே பயணப்படும் நம் குடும்பங்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை புதியதன்று. கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்திற்குச் செல்வோர் உண்டு. முட்டுக்காட்டில் படகேறுவோர் உண்டு. மாமல்லபுரத்துக் கற்கோயில்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவருவோரும் பலர். அவ்வழியில், திருவான்மியூரைத் தாண்டிச் சில கல் தொலைவில் ஈஞ்சம்பாக்கம் வருகிறது. வண்டி விரைந்து போவதால் அங்கே மரங்களுக்கு நடுவே இருக்கும் வாயிலைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதுவே சோழமண்டலம் கலைஞர் கிராமம். ஓவியரும் சிற்பியரும் தாங்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தாங்களே நடத்திவரும் குடியிருப்பு அது.

‘தாங்களே’ என்னும் சொல்லை இருமுறை எழுதியதற்குக் காரணம் உண்டு. சென்னையில் கலையைப் பேணும் நிலையங்களுக்குக் குறைவில்லை. மயிலையில் 1929இல் தோன்றிய ரசிக ரஞ்சனி சபையையும், தியாகராய நகரில் 1953இல் தொடங்கிய கிருஷ்ண கான சபையையும் அறியாதார் யார்? இத்தகைய சபைகளை நடத்துவோர் பெரும்பாலும் இரசிகர்கள். பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, மாலையில் மேடைக்கும் நாற்காலிக்கும் நுழைவுச்சீட்டுக்கும் பொறுப்பேற்கும் நல்லோர். கலாக்ஷேத்திராவின் கதை வேறு. 1936இல் ருக்மிணி தேவி அம்மையார் தொடங்கிய அந்நிலையம் அவருடைய ஒருவர் மன உறுதியால் வளர்ந்தது; 1986இல் அம்மையார் மறைந்தபின், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மைய அரசின் பொறுப்பில் வந்தது. ஈஞ்சம்பாக்கத்திலோ இரசிகர் குழுவும் இல்லை, அரசின் ஆட்சியும் இல்லை. தூரிகை பிடித்த கையே வரவுசெலவுக் கணக்கையும் எழுதிற்று.

இதற்கு வித்திட்டவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், குடும்பச் சுமையின் காரணமாகத் தந்தித் துறையிலும், பின்னர் காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதளவிலேதான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். சம்பளத்தின் அருமையையும், அது இல்லாத வீட்டின் நிலையையும் அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957இல் தாம் பயின்ற கலைநிலையத்திற்கே முதல்வரானார். (ஐம்பதுகளில் அவர் தீட்டிய படங்களுள் கிறிஸ்துவின் வாழ்வைக் கருப்பொருளாகக் கொண்டவையும் உண்டு என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.)

முதல்வரின் அறையில் அமர்ந்த பணிக்கரை ஒரு கவலை அரித்தது. ஐந்தாறு ஆண்டுகள் அரும்பாடுபட்டுப் பயின்று வெளியேறும் மாணவர் பிறகு என்ன ஆகிறார்? அந்நாளில் சென்னையில் படம் வாங்குவோர் அரியர். விளம்பர நிறுவனத்திலோ நெசவாளர் சேவை மையத்திலோ வேலை கிடைத்தவர் பாக்கியவான். கிடைத்தபின் அவருள் பலர் தமக்கென்று வரைவதையே மறந்துபோயினர். வறுமை ஒருவரையும், சம்பளம் மற்றொருவரையும் கலையிலிருந்து பிரித்தன.

பணிக்கரும் மாணவரும் கண்ட வழி எளியது. கைத்தொழில் செய்து வயிற்றைக் கழுவுவோம். அவ்வாறு மிஞ்சும் நேரத்தில் யாருடைய விருப்பத்திற்கும் வளையாமல் வரைவோம் என்று முடிவுசெய்தனர். இதற்கெனக் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தனர். அவர்கள் தேர்ந்துகொண்ட தொழில்களுள் முதன்மையானது பத்திக். உருக்கிய மெழுகைக் கொண்டு துணியில் உருவம் எழுதுவர். பின் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்திலோ மயிரிழை போன்ற கோடுகளாகச் சாயம் கசியும். வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கினால் உருவம் தெளியும். நிறத்திற்கு நிறம் இவ்வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். அக்கால இல்லங்களில் திரைச்சீலையாகவும் சுவர்ப்படமாகவும் இவை விரும்பி வாங்கப்பட்டன. ஓவியத்தை வாங்கத் தயங்கிய நகரம், ஓவியன் கைபட்ட துணியைத் தயங்காமல் வாங்கிற்று என்பது சற்றே நகைப்பிற்கும் உரியது!

அந்த வருவாயிலிருந்தே ஈஞ்சம்பாக்கத்தில் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் கிராமம் பிறந்தது. சோழமண்டலம் என்ற பெயரும் பொருத்தமானதே. ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ எனத் திரிந்து இக்கடற்கரைக்கே பெயராகிய பழஞ்சொல் அது. அன்று அங்கே இருந்தது மணலும் சவுக்குமே. ஓலைக் குடிசைகளில் தொடங்கிய வாழ்வு, ஒவ்வொருவரும் தம் உழைப்பிற்கேற்பச் சிறுகச் சிறுக வீடும் வேலைக்கூடமும் எழுப்பியதால் ஊராக மாறிற்று. படம் விற்றால் அதில் ஒரு பகுதி பொதுச் செலவிற்குச் சென்றது. பாரதியின் பெயரால் ஒரு திறந்தவெளி அரங்கமும் எழுந்தது. அங்கே நாடகமும் நடனமும் கவிதை வாசிப்பும் நடந்தன.

இக்கிராமத்தைப் புகழும்போது கே. இராமானுஜத்தை மறந்துவிடலாகாது. பேச்சுத் தடையும் மனநோயும் வாட்டிய இளைஞர் அவர். உலகியல் வாழ்வில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பணிக்கர் அவரைத் தம் மாணவராக ஏற்றார். கிராமம் தன்னுள் ஒருவராக வைத்துக்கொண்டது. மையும் பேனாவும் கொண்டு அவர் வரைந்த கனவு மாளிகைகளும், விந்தை விலங்குகளும், அவற்றிடையே தொப்பி அணிந்து உலவும் அவருடைய சொந்த உருவமும் இன்று பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயினும் 1973இல், முப்பத்துமூன்று வயதளவில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அன்புடையோர் சூழ்ந்திருந்தும் இந்நோய் ஒருவரை இழுத்துச் செல்லக்கூடும் என்பதை நம் குடும்பங்களிலும் சிலர் கண்டிருப்பர். சோழமண்டலத்தார் அவரைக் காக்க இயலாது போயினர். அவரது கலை மலர ஓர் இடம் தந்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

எல்லாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் அறுபதுகளின் இறுதியிலேயே பாரிசு நகரம் சென்றனர். எஸ். ஜி. வாசுதேவ் பின்னாளில் பெங்களூர் சேர்ந்தார். 1977இல் பணிக்கர் காலமானார். தலைவர் மறைந்ததும் இத்தகைய குடியிருப்புகள் கலைவது வழக்கம். இது கலையவில்லை. பணிக்கரின் மகன் நந்தகோபால், நமது இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின் ஓவியக் கல்லூரி சென்று சிற்பியானவர். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து அவர் ஆக்கிய உருவங்கள் உலகறிந்தவை. ஆனால் கிராமத்தார் அவருக்குக் கடன்பட்டிருப்பது சிற்பத்திற்காக மட்டுமன்று. தம் வேலைநேரத்தைக் குறைத்துக்கொண்டு, செயலாளராக இருந்து, கடிதம் எழுதி, நன்கொடை திரட்டி அலைந்தார். அவரும் தோழர்களும் பட்ட பாட்டின் பயனாக 2009இல் சென்னை ஓவிய இயக்கத்திற்கென்றே ஓர் அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. உடன் அமைந்த இரு காட்சிக்கூடங்களைப் பிற கலைஞர்களுக்கு வாடகைக்கு விடுவதால் பராமரிப்பிற்கு வருவாய் கிடைக்கிறது. பத்திக் துணியின் இடத்தை இன்று வாடகை பிடித்திருக்கிறது எனலாம். 2017இல் நந்தகோபாலும் மறைந்தார்.

இப்போது அங்கு எழும் கேள்வி எளிதன்று. மணலாகக் கிடந்த நிலத்தின் விலை, சாலை அகன்றபின் எங்கோ ஏறிவிட்டது. முன்னோடிகளுள் பலர் மறைந்தனர். கலைஞரின் பிள்ளைகள் எல்லோரும் கலைஞராவதில்லை. ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. தாமே மண் சுமந்து கட்டியவரின் பற்று, கட்டியதைப் பெற்றுக்கொண்டவரிடமும் இருக்குமா? இக்கவலை ஈஞ்சம்பாக்கத்திற்கு மட்டும் உரியதன்று. பங்குகளில் நாடகக் குழுவும் பாடற்குழுவும் நடத்தும் நம்மவரும் இதை உணர்வர்.

செல்ல விரும்புவோர், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரச் சாலையில் போகும் பேருந்தில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கலாம். காலை வேளையே நன்று. சிறுவரை முதலில் திறந்தவெளிச் சிற்பப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள், ‘இது என்ன?’ என்று பெரியவர் திகைத்து நிற்கும் கல்லை அவர்கள் சுற்றிவந்து தொட்டுப் பார்த்து, தமக்குள் ஒரு பெயரும் சூட்டிவிடுவார்கள். பின்னர் அருங்காட்சியகத்திற்குள் நுழைந்து, பணிக்கரின் படங்களின் முன் சற்று நில்லுங்கள். எழுத்துப் போலவும் எண்கணக்குப் போலவும் தோன்றும் குறிகள் சிலவற்றில் நிறைந்திருக்கும். அவற்றைப் படிக்க முயல வேண்டா. சோதிடரின் சாதகக் கட்டங்களைப் படிக்கத் தெரியாதவன் பார்ப்பதுபோல் பார்த்தாலே போதும். வெளியே வந்தால், வீடுகளுக்கு இடையே செல்லும் பாதையில் உலோகத்தைத் தட்டும் ஓசை கேட்கக்கூடும். கதவு திறந்திருந்தாலும், கேட்டுவிட்டே உள்ளே செல்லுங்கள். அது ஒருவர் குடியிருக்கும் வீடு.