மஞ்சள்

அப்பாவின் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை இருந்தது. ஆணியைச் சூடுபண்ணி அவரே போட்டது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போனபோது காட்டினார். "வாக்கிங் போறேம்லா, இளைச்சிட்டேன்." சுகருக்கு எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பெல்ட்டைப் படம் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டேன். ஏகப்பட்ட கைதட்டல்.

நாலு மாதத்தில் ஒன்பது கிலோ. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயோடு எழுந்துவிடுவார். வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றதற்கு, வாயு என்று அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். வலது தோள்பட்டை வலிக்குத் தைலம். ராத்திரி பனியன் நனைய வேர்த்ததற்கு ஃபேன் ரெகுலேட்டரைக் குறை சொன்னோம். எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே ஒரு பதில் இருந்தது.

கல்லீரலைப் பற்றி யோசிக்காமலும் இல்லை. அம்மா அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு." கீழாநெல்லி வேண்டாம் என்று முடிவானது. எங்கள் வீட்டில் ஈரல் கெட்டுப்போனது என்றால் மஞ்சள்காமாலைதான்.

ரத்தப் பரிசோதனையும் அம்மா பக்கமே நின்றது. பிலிருபின் 0.9, நார்மல். அதே தாளில் ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் 386 என்று தடித்த எழுத்தில் இருந்தது. இருக்கவேண்டியதைப்போல மூன்று மடங்கு. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அம்மாவிடம் பிலிருபினைத்தான் சொன்னேன். ஆபீஸ் சர்வர் லாகில் இப்படி ஒரு வரி வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து உட்காருகிறவன் நான்.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கம் எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. இடது பக்கத்தில் சின்னதாக இரண்டு. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தபிறகும், வேறெங்கோ ஆரம்பித்து ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று வயிற்றிலும் குடலிலும் குழாய் விட்டுத் தேடினார்கள். எதுவும் இல்லை. கடைசியில்தான் பெயர் வந்தது: இன்ட்ராஹெபாடிக் கோலாஞ்சியோகார்சினோமா. கல்லீரலுக்குள்ளேயே ஓடும் பித்தக் குழாய்களில் வரும் புற்றுநோய்.

"நான் குடிச்சதே இல்லயே சார்" என்றார் அப்பா, ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி. வடகிழக்குத் தாய்லாந்தில் சமைக்காத ஆற்றுமீனிலிருந்து வரும் ஈரல் புழுவால் இந்த நோய் அதிகம். மற்றபடி பலருக்குக் காரணமே பிடிபடாது என்றார் டாக்டர். அப்பா மீன் வாசமே ஆகாதவர்.

ஏன் மஞ்சள் வரவில்லை என்று அம்மா கேட்டாள். சீட்டின் பின்பக்கம் டாக்டர் ஒரு மரம் வரைந்தார். அடிமரத்தில் அடைப்பு வந்தால் பித்தநீர் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் சேரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், உடம்பு அரிக்கும், மலம் வெளுக்கும். ஆள் பயந்து ஓடிவந்துவிடுவார். ஒரு கிளை அடைத்தால் மற்ற கிளைகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அடைபட்ட கிளையிலிருந்து ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அம்மா அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

இந்த நோய்க்கு வெட்டி எடுத்தால்தான் குணமாக வாய்ப்பு. இரண்டு பக்கமும் கட்டி இருந்ததால் அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் ஆரம்பித்தார்கள். அப்பா வெளியே போனதும் டாக்டரிடம் அந்த 386-ஐப் பற்றிக் கேட்டேன். "ஒரு மாசத்துல இவ்வளவு வளராது தம்பி." சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

மஞ்சள் அக்டோபரில் வந்தது. காலை பத்து மணி இருக்கும். அம்மா அப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து இமையை இழுத்தாள். இழுத்த விரலை எடுக்கவே இல்லை.

"மஞ்சளா இருக்காலே?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"டியூப்லைட் வெளிச்சம்ப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். டியூப்லைட் எரியவில்லை.